ஆராய்ச்சி மணியும் இணையத்தளமும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)

திருவாரூரில் மனுநீதிச் சோழனின் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி ஒன்று தொங்கியதாகவும், தேர்க்காலில் கன்றைப் பறிகொடுத்த பசு அதன் கயிற்றை இழுத்து நீதி கேட்டதாகவும் நாம் சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். அக்கதையைச் சொல்வோர் எல்லாரும் அரசனின் நீதியையே புகழ்வர். நாங்கள் இங்கே மணியைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறோம். அந்த மணிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதை அடிக்க எழுத்தறிவு வேண்டியதில்லை. மனு எழுதித் தருபவருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. இன்ன மொழியில்தான் அடிக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. வாயில்லா ஜீவனாகிய பசுவுக்கே எட்டும் உயரத்தில் அதன் கயிறு தொங்கிற்று.

அரசன் மக்களிடம் பேசுவதற்கு வேறொரு கருவி இருந்தது. அதுதான் தண்டோரா. ‘இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்’ என்று தெருவெல்லாம் முழங்கிச் செல்லும். மன்னராட்சி போய் மக்களாட்சி வந்த பின்னும் நம் கிராமங்களில் அது ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. ஒலிபெருக்கி பொருத்திய வண்டிகள் இருக்கும்போது மனிதரைக் கொண்டு தண்டோரா போடவேண்டியதில்லை என்று 2022-ஆம் ஆண்டில்தான் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். பறையடிப்பவரின் மானத்தை எண்ணிச் செய்த நல்ல காரியம் அது. தண்டோராவின் குறை ஒன்றே ஒன்று. அது பேசும், கேட்காது. மணியோ கேட்கும், பேசாது.

இவ்விரண்டு வேலையையும் ஒரே கருவி செய்யும் என்று எவரேனும் அன்று சொல்லியிருந்தால் நம் பாட்டிமார் சிரித்திருப்பார்கள். இன்று கைபேசியில் வரும் இணையம் அதைத்தான் செய்கிறது, அல்லது செய்வதாகச் சொல்லப்படுகிறது. அரசாங்கம் இணையத்தின் வழியாக மக்களோடு எவ்வாறு பேசுகிறது, மக்கள் சொல்வதை எவ்வாறு கேட்கிறது, கேட்டபின் என்ன செய்கிறது என்பவற்றைக் குடிமையியல் பாடத்தின் தொடர்ச்சியாக நாங்கள் தேடிப் படித்தோம். படித்தவற்றுள் சிலவற்றைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் இங்கே எடுத்துச் சொல்கிறோம்.

அறிவிப்பது எளிது. பொதுத் தேர்வு முடிவைச் செய்தித்தாள் அலுவலக வாசலில் கூட்டத்தோடு நின்று பார்த்த காலத்தை எங்கள் அன்னையர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். இன்று தேர்வு எண்ணையும் பிறந்த நாளையும் தட்டினால் மதிப்பெண் வந்துவிடுகிறது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கிறோம். இதைப் பற்றி நீட்டி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. புதிய தண்டோரா பழையதைவிட வேகமானது, அவ்வளவே.

மணியின் வேலைதான் கடினம். நம் மாவட்டங்களில் திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடைபெறுவதை அனைவரும் அறிவோம். விடியற்காலையில் பேருந்து ஏறி, வரிசையில் நின்று, மனுவைக் கொடுத்துவிட்டு, அன்றைய கூலியையும் இழந்து வீடு திரும்ப வேண்டும். இதற்கு மாற்றாக மத்திய அரசு 2007-ஆம் ஆண்டில் பொதுமக்கள் குறைகளைப் பெறுவதற்கென ஓர் இணையத்தளத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2021-இல் ‘முதல்வரின் முகவரி’ என்னும் துறை ஏற்படுத்தப்பட்டு, பல இடங்களில் பெறப்பட்டு வந்த மனுக்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. 1100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசியும் குறையைப் பதியலாம் என்ற ஏற்பாடும் செய்யப்பட்டது.

இவற்றின் உள்வேலை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. மனுவைப் பதிந்தவுடன் ஓர் எண் கிடைக்கும். மனு எந்தத் துறைக்குரியதோ அத்துறைக்குச் செல்லும். அங்கிருந்து மாவட்டம், வட்டம் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் யாரைக் குறித்துப் புகார் செய்தோமோ, பெரும்பாலும் அவருடைய மேசைக்கே போய்ச் சேரும்! அவர் பதில் எழுதியதும் மனு முடித்து வைக்கப்படும். மத்திய அரசின் தளத்தில் பதிலுக்கான கெடு முன்பு 60 நாளாக இருந்தது. பிறகு 45 ஆகி, 30 ஆகி, 2024 ஆகஸ்டில் வெளியான நெறிமுறைகளின்படி 21 நாளாகக் குறைக்கப்பட்டது. பதில் மனநிறைவு தராவிட்டால் மேல்முறையீடு செய்யவும் அதில் வழி உண்டு.

கெடு குறைவது நல்லதே. ஆனால் ‘முடித்து வைத்தல்’ என்பதும் ‘குறை தீர்தல்’ என்பதும் ஒன்றல்ல என்பதை நாங்கள் நேரிலேயே கண்டோம். எங்கள் வகுப்புத் தோழியர் ஐவர் வெளியூரிலிருந்து வருபவர்கள். அவர்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த காலை எட்டு மணிப் பேருந்து சென்ற ஆண்டு திடீரென்று நின்றுபோயிற்று. மூன்று கிலோமீட்டர் நடந்து நெடுஞ்சாலைக்கு வந்து, அங்கே நிற்கும் பேருந்தைப் பிடித்து, பள்ளிக்கு வந்து சேரும்போது முதல் பாடவேளை முடிந்திருக்கும். மழைக்காலத்தில் இரண்டு பேர் வாரக்கணக்கில் வரவே இல்லை. அவர்களுள் ஒருத்தியிடம் அவளுடைய பெரியப்பா, “இந்த அலைச்சல் எதற்கம்மா? பத்தாவதோடு நிறுத்திக்கொள், போதும்” என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அவளுடைய அண்ணன் தன் கைபேசியில் இணையத்தின் வழியாக ஒரு மனுவைப் பதிந்தார். ‘மனு ஏற்கப்பட்டது’ என்று அன்றே குறுஞ்செய்தி வந்தது. இருபது நாள் கழித்து, ‘மேற்படி வழித்தடத்தில் பேருந்து இயக்கப்பட்டு வருகிறது, மனு முடித்து வைக்கப்பட்டது’ என்று பதில் வந்தது. பதிலில் பொய் ஏதுமில்லை. பேருந்து இயக்கப்பட்டுத்தான் வந்தது, காலை பத்தரை மணிக்கு!

பிறகு ஐந்து வீட்டுத் தாய்மாரும் சேர்ந்து ஒரு திங்கட்கிழமை நேரிலேயே போனார்கள். பள்ளி தொடங்கும் நேரம், வரும் மாணவியரின் எண்ணிக்கை, பேருந்து நின்ற நாள், முந்தைய மனுவின் எண், அதற்கு வந்த பதில் ஆகிய அனைத்தையும் எழுதி, எங்கள் தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களின் கடிதத்தையும் இணைத்தார்கள். ஒன்றரை மாதத்தில் எட்டு மணிப் பேருந்து மீண்டும் வந்தது. சனிக்கிழமைகளில் மட்டும் இன்னும் வருவதில்லை. இணையத்தில் போட்ட மனு வீணாயிற்று என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அந்த எண்ணும் அந்தப் பதிலும் கையில் இருந்ததால்தான் இரண்டாம் மனுவுக்கு வலிமை கிடைத்தது என்று எங்கள் குடிமையியல் ஆசிரியை கூறினார்கள். ஆண்டறிக்கையில் இத்தனை மனுக்கள் முடித்து வைக்கப்பட்டன என்று படிக்கும்போது, அவற்றுள் எத்தனை பத்தரை மணிப் பேருந்துகளோ என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இதுவரை கூறியவை தனித்தனிக் குறைகள். இவற்றைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. சட்டமோ விதியோ இயற்றுமுன் அரசு மக்களின் கருத்தைக் கேட்பது அது. மத்திய அரசின் அமைச்சகங்கள் எந்தச் சட்ட வரைவையும் இணையத்தில் வெளியிட்டு, குறைந்தது 30 நாளாவது மக்களின் கருத்தைப் பெற வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டில் ஒரு கொள்கை வகுக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் ‘மைகவ்’ என்னும் தளமும் தொடங்கப்பட்டது. அத்தளத்தில் நடந்த போட்டிகளில் பலரும் அறிந்தது தூய்மை இந்தியா இயக்கத்தின் இலச்சினைப் போட்டி. காந்தியடிகளின் மூக்குக் கண்ணாடியை வரைந்து வென்றவர் மராட்டிய மாநிலத்துக் கோலாப்பூரைச் சேர்ந்தவர். அழகான இலச்சினைதான். ஆனாலும், படம் வரையக் கேட்பதும் சட்டத்தில் என்ன எழுதலாம் என்று கேட்பதும் ஒரே தராசில் வைக்கத்தக்கவை அல்ல.

சட்டத்தைக் குறித்துக் கேட்டபோது என்ன நடந்தது என்பதற்கு 2020-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் வரைவைப் போன்ற எடுத்துக்காட்டு வேறில்லை. அதைச் சற்று விரிவாகக் காண்போம்.

1984-இல் போபால் நகரில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டதன் பின்னர், 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் கீழ், பெரிய ஆலையோ சுரங்கமோ அணையோ தொடங்குவோர் அதனால் நிலத்துக்கும் நீருக்கும் காற்றுக்கும் என்ன நேரும் என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற அறிவிக்கை 1994-இல் வந்தது. 2006-இல் அதைத் திருத்திப் புதிய அறிவிக்கை ஒன்று வெளியாயிற்று. திட்டம் வரவிருக்கும் இடத்திலேயே பொதுமக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது இதில் முக்கியமான பகுதி. நாள் குறித்துச் செய்தித்தாளில் விளம்பரம் செய்ய வேண்டும். அந்த விளம்பரத்துக்குப் பின் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். செய்தித்தாள் இல்லாத ஊர்களில் பறையறைந்து அறிவிக்கவும் செய்யலாம் என்று அந்த 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையிலேயே எழுதப்பட்டிருக்கிறது! நாம் மேலே பார்த்த தண்டோராவேதான் அது. செய்தித்தாள் படிக்காதவரும் தன் நிலத்தின் கதியை அறிந்துகொள்ள வேண்டும் என்று அதை எழுதியவர் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

2020-இல் இந்த அறிவிக்கை முழுவதையும் மாற்றி எழுத மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் முற்பட்டது. மக்கள் கருத்துச் சொல்வதற்கான 30 நாள் அவகாசம் 20 நாளாகக் குறையும் என்றும், அனுமதி பெறாமலே தொடங்கிவிட்ட திட்டங்களும் அபராதம் செலுத்திப் பின்னர் அனுமதி பெறலாம் என்றும் வரைவில் இருந்தது. வரைவு ஏப்ரல் 11-இல் அரசிதழில் வெளியாயிற்று. மக்கள் தம் ஆட்சேபணைகளை 60 நாட்களுக்குள் மின்னஞ்சலிலோ தபாலிலோ அனுப்பலாம் என்று கூறப்பட்டது.

அது எந்தக் காலம் என்பதைத் தோழியர் நினைவுகூர்ந்து பாருங்கள். மார்ச் 25 முதல் கொரோனா ஊரடங்கு. நாங்கள் அப்போது தொடக்கப் பள்ளிச் சிறுமியர். பள்ளி இல்லை, பேருந்து இல்லை. கூட்டம் போட்டுப் பேச முடியாது. எஞ்சியிருந்தது இணையம் ஒன்றே. அந்த இணையத்தில் இருந்த வரைவோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் மீன்பிடிப்பவரும், நெய்வேலிச் சுரங்கத்துக்கு அருகில் நெல் விளைவிப்பவரும், ஒடிசாவில் காட்டை நம்பி வாழ்பவரும் அதைப் படித்து எவ்வாறு கருத்துச் சொல்வது? ஆங்கிலம் அறிந்தவர்களே சட்ட ஆங்கிலத்தைப் படிக்கத் திணறுவர்.

சுற்றுச்சூழல் ஆர்வலர் ஒருவர் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2020 ஜூன் 30-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருத்துச் சொல்வதற்கான கெடு ஆகஸ்ட் 11 வரை நீட்டிக்கப்பட்டது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வரைவைப் பத்து நாளைக்குள் மொழிபெயர்த்து இணையத்தளங்களில் வெளியிட வேண்டும் என்றும் ஆணையிட்டது. அரசிதழில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டால் போதும், அதுவே சட்டம் என்பது அமைச்சகத்தின் வாதம். அது உச்சநீதிமன்றத்துக்குப் போயிற்று. ஆகஸ்ட் 13-இல் உச்சநீதிமன்றம் தலையிட மறுத்து, வேண்டுமானால் உயர்நீதிமன்றத்திலேயே மறுஆய்வு கேளுங்கள் என்று அனுப்பிவிட்டது. இதற்கிடையில் எல்லா மொழிகளிலும் மொழிபெயர்ப்பு வெளிவருமுன்பே ஆகஸ்ட் 11-ஆம் நாள் கடந்துபோனது. தமிழ்நாட்டில் தன்னார்வலர்கள் தாங்களே உட்கார்ந்து தமிழாக்கம் செய்து கைபேசிகளில் பரப்பினார்கள்.

இத்தனை தடைகளுக்கும் நடுவில் அமைச்சகத்துக்கு வந்து சேர்ந்த கருத்துகள் 17 இலட்சத்துக்கும் மேல். அவற்றுள் பெரும் பகுதி மின்னஞ்சல்கள். அந்த வரைவு இறுதி வடிவம் பெறவில்லை. 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையே பல திருத்தங்களோடு தொடர்ந்தது. மக்கள் வென்றுவிட்டார்கள் என்று இதைக் கொண்டாட நாங்கள் தயங்குகிறோம். அந்தத் திருத்தங்கள் ஒவ்வொன்றும் சிறியவை. அவற்றைக் குறித்து ஊரெல்லாம் மின்னஞ்சல் எழுதுவதில்லை.

இன்னொரு நிகழ்ச்சி, அதற்கு ஐந்து ஆண்டு முந்தியது. இணையத்தைப் பற்றியே இணையத்தில் கருத்துக் கேட்ட கதை அது. தொலைபேசி நிறுவனங்கள் எல்லா இணையத்தளங்களையும் ஒரே வேகத்தில், ஒரே கட்டணத்தில் தர வேண்டுமா, அல்லது பணம் தருகிற தளங்களுக்குத் தனிச் சலுகை காட்டலாமா என்பது கேள்வி. தபால்காரர் எல்லாக் கடிதங்களையும் ஒன்றுபோல் கொண்டுவந்து தரவேண்டுமா, அல்லது மிட்டாய்க் கடைக்காரர் தனக்குப் பணம் கொடுத்தார் என்று அவருடைய விளம்பரத்தை மட்டும் முதலில் தந்துவிட்டு அத்தையின் கடிதத்தைச் சாவகாசமாகத் தரலாமா என்பதைப் போன்றது இது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2015 மார்ச் 27-இல் 118 பக்கங்களில், 20 கேள்விகளோடு ஓர் ஆங்கில அறிக்கையை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. 118 பக்கத்தை யார் படிப்பார்கள்? வழக்கம்போல் நிறுவனங்களின் வக்கீல்கள் மட்டுமே படித்திருப்பார்கள். ஆனால் இளைஞர்கள் சிலர் அதைச் சுருக்கி, இருபது கேள்விகளுக்கும் விடை எழுதி, விரும்பியவர் அதை மாற்றியோ மாற்றாமலோ அனுப்புவதற்கு ஓர் இணையத்தளத்தை அமைத்தனர். நகைச்சுவைக் குழு ஒன்று காணொளி எடுத்து விஷயத்தை விளக்கிற்று. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. ஆணையம் ஏப்ரல் 27-இல் அவற்றை எல்லாம் அப்படியே தன் தளத்தில் வெளியிட்டது, எழுதியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளோடு! வெளிப்படையாக நடந்துகொள்ள எண்ணித்தான் செய்தார்கள். ஆயினும் பத்து இலட்சம் பேரின் முகவரியைத் தெருவில் ஒட்டியதுபோல் ஆயிற்று. அரசுக்குக் கருத்துச் சொல்லும் பெண் ஒருத்தி தன் பெயரும் முகவரியும் யார் கண்ணில் படும் என்று முதலில் அஞ்சுவது இயற்கை அன்றோ?

அதே ஆண்டு டிசம்பரில் ஆணையம் இரண்டாம் முறை, நான்கே கேள்விகளோடு கருத்துக் கேட்டது. இம்முறை ‘ஃபேஸ்புக்’ நிறுவனம் களத்தில் இறங்கிற்று. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன் திட்டத்துக்கு ஆதரவாக, தன் தளத்துக்கு வருவோரை எல்லாம் ஆணையத்துக்கு ஆயத்தக் கடிதம் ஒன்றை அனுப்பச் சொன்னது. நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்களும் வந்தன. இலட்சக்கணக்கில் கடிதங்கள் போய்க் குவிந்தன. அவற்றில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தத் திட்டத்தை ஆதரிக்கிறோம் என்று மட்டும் அவை கூறினவேயன்றி, கேட்ட நான்கு கேள்விகளுக்கு விடை கூறவில்லை. கலந்தாய்வு என்பது தலையெண்ணும் வாக்கெடுப்பு அன்று என்று ஆணையம் கடிந்துகொண்டது. 2016 பிப்ரவரி 8-இல், தளத்துக்குத் தளம் வேறுபட்ட கட்டணம் வாங்கக் கூடாது என்று விதி செய்தது. மீறினால் நாள் ஒன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 இலட்ச ரூபாய் அபராதம்.

இதைப் பற்றி எங்கள் வகுப்பில் ஒரு பாடவேளை முழுவதும் விவாதம் நடந்தது. முதல் முறை இளைஞர்கள் அனுப்பச் சொன்னதும் ஆயத்தக் கடிதம்தானே, அதை மட்டும் ஏன் மெச்ச வேண்டும் என்று ஒரு சாரார் கேட்டனர். நியாயமான கேள்வி. அந்த ஆயத்தக் கடிதத்தில் கேட்ட இருபது கேள்விகளுக்கும் விடை இருந்தது என்பதே எங்களுக்குத் தெரிந்த வேறுபாடு. தேர்வில் கேட்ட கேள்வியை விட்டுவிட்டுத் தெரிந்ததை எழுதினால் பக்கம் நிரம்பும், மதிப்பெண் வராது!

பிற நாடுகளிலும் இவ்வேடிக்கைகள் உண்டு. பிரிட்டனில் 2015 முதல், பாராளுமன்ற இணையத்தளத்தில் ஒரு விண்ணப்பத்துக்கு 10,000 கையொப்பம் சேர்ந்தால் அரசு பதில் கூறும்; ஒரு இலட்சம் சேர்ந்தால் பாராளுமன்றத்தில் விவாதிக்கப் பரிசீலிப்பார்கள். 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவது குறித்து மறுபடியும் வாக்கெடுப்பு வேண்டும் என்ற விண்ணப்பத்தில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். கணக்கைப் பார்த்தால், வத்திக்கான் நகரிலிருந்து மட்டும் 39,000-க்கும் மேற்பட்ட கையொப்பங்கள்! திருத்தந்தையையும் சேர்த்து எண்ணினாலும் அந்நகரின் மக்கள் தொகை ஆயிரத்தை எட்டாது. விஷமிகள் கணினியைக் கொண்டு பொய்யாகச் சேர்த்தவை அவை. சுமார் 77,000 பொய்க் கையொப்பங்கள் நீக்கப்பட்டன. இதைப் படித்துச் சொன்னபோது எங்கள் வகுப்பாசிரியை சிஸ்டர் வெகுநேரம் சிரித்தார்கள். 2019-இல் விலகலையே கைவிடுமாறு கோரிய விண்ணப்பத்தில் 60 இலட்சம் பேருக்கு மேல் கையொப்பமிட்டனர். விவாதமும் நடந்தது. அரசு மறுத்துவிட்டது. அந்தத் தளத்தின் விதி விவாதத்தைத்தான் வாக்களித்ததே தவிர, கேட்டதைத் தருவதாக வாக்களிக்கவில்லை.

நம்மைப் போன்ற மாணவியரை நேராகத் தொட்டது 2019-ஆம் ஆண்டின் கல்விக் கொள்கை வரைவு. கஸ்தூரிரங்கன் குழு தயாரித்த 484 பக்க வரைவு மே 31-இல் கருத்துக்காக வெளியிடப்பட்டது. இந்தி கற்பித்தல் பற்றிய பகுதியைக் கண்டு தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பினால் ஜூன் 3-ஆம் நாளே அப்பகுதி திருத்தப்பட்டது. மூன்றே நாளில் மாறியது மின்னஞ்சலினால் அன்று. தலைவர்களின் அறிக்கைகளும் ஊரெங்கும் எழுந்த பேச்சும் அதைச் செய்தன. பிறகு ஜூலை இறுதி வரை இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆலோசனைகள் வந்தன. அவற்றுள் எதை ஏற்றார்கள், எதை ஏன் தள்ளினார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் விடை கூறும் ஏற்பாடு இல்லை. எங்களுக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது. வீட்டுப்பாடத்தை வாங்கிக்கொண்டு திருத்தித் தராத ஆசிரியையை யாருக்குப் பிடிக்கும்?

இத்தனை இலட்சம், அத்தனை இலட்சம் என்று எழுதும்போது, அவர்கள் யார் என்பதையும் கேட்க வேண்டும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள ஆண்களில் நூற்றுக்கு 57 பேர் ஒரு முறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். பெண்களில் நூற்றுக்கு 33 பேர்தாம். அதற்குப் பின் கைபேசிகள் பெருகியிருக்கின்றன. எனினும் நம் வீடுகளிலேயே பாருங்கள். கைபேசி அப்பாவுடையது அல்லது அண்ணனுடையது. தண்ணீர் வரவில்லை என்று தவிப்பவர் அம்மா. அதை மனுவாகப் பதிகிற கைபேசி காலையில் அப்பாவின் சட்டைப் பையில் வேலைக்குப் போய்விடுகிறது. எங்கள் பாட்டிமாருள் பலருக்குத் தம் பெயரில் வந்திருக்கும் குறுஞ்செய்தியையே யாராவது படித்துச் சொல்ல வேண்டும். மணியின் கயிறு இன்னும் உயரத்திலேதான் தொங்குகிறது.

ஆதலால் இ-சேவை மையத்திலும் திங்கட்கிழமை மனு வரிசையிலும் ஆட்கள் இருந்தே ஆக வேண்டும் என்பது எங்கள் எண்ணம். எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டது, இனி நேரில் வராதீர்கள் என்று எந்த அலுவலகமாவது சொன்னால், அது கதவைத் திறந்ததாகாது.

நம் வயதினர் இதில் கலந்துகொள்ளலாமா என்று தோழியர் சிலர் கேட்டார்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்கள் அனைவருக்கும் அவ்வுரிமை உண்டு என்று சொல்கிறது. இத்தனை வயதினருக்கு என்று சொல்லவில்லை. விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் வர வேண்டும். மத்திய அரசு அலுவலகங்களுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கும் வசதி 2013-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு லக்னோவைச் சேர்ந்த ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, காந்தியடிகளுக்குத் ‘தேசத் தந்தை’ என்ற பட்டத்தை எந்த அரசாணையின்படி வழங்கினார்கள் என்று பிரதமர் அலுவலகத்தைக் கேட்டாள். பிரதமர் அலுவலகம் அதை உள்துறைக்கு அனுப்பிற்று. உள்துறை தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிற்று. அவ்வாறு குறிப்பிட்ட ஆவணம் எதுவும் இல்லை என்று காப்பகம் அவளுக்கு எழுத்து மூலம் பதில் அனுப்பியது. அப்போது அவளுக்கு வயது பத்து.